ஆளில்லாத தீவு

வேதாளை ஆஸ்பத்திரியில்
சீட்டு எழுதுகிறவள் நான்.
பெயர், வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர்,
அப்புறம் ஒரு கட்டம்:
என்ன தொந்தரவு.
அந்தக் கட்டத்துக்கு வந்ததும்
தொண்டையைச் செருமாத ஆள் இல்லை.

'சுக்கான் ஒரு பக்கமா இழுக்குது' என்றான் சவரிராயன்.
அவனுக்குப் படகே கிடையாது,
கூலிக்குப் போகிறவன்.
'ரெண்டு மிதவையில ஒண்ணு பெருத்துப்போச்சும்மா'
என்றார் மீராலெவ்வை.
வலைக்கடை வைத்திருப்பவர்,
நான் சரக்கைச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.
ஓய்வுபெற்ற தமிழையா மட்டும்
வாயே திறக்காமல்
'மர்மஸ்தானத்தில் நமைச்சல்' என்று
தானே எழுதி நீட்டினார்.
மர்மம் ஒன்றுமில்லை,
படர்தாமரை.

புது டாக்டரம்மாவுக்கு ஊர் ஈரோடு.
அவருக்காக நோட்டின் கடைசித் தாளில்
ஓர் அகராதி தொடங்கினேன்.
இடப்பக்கம் ஆண்கள்:
சுக்கான், மிதவை, நங்கூரம்,
கிளம்ப மறுக்கும் இஞ்சின்,
தம்பி,
அறுபது தாண்டினால் அதே தம்பி, பெரியவர்.
வலப்பக்கம் பெண்கள்:
அங்கிட்டு.
வேறு சொல் வரவில்லை.
மாசக்கணக்கில் அந்தப் பக்கம்
வெள்ளையாகவே கிடந்தது.

நம்புத்தாய் நாலு செவ்வாய்க்கிழமை
தலைவலி என்று வந்தாள்.
நாலு தடவையும் பத்து மாத்திரை வாங்கிப் போனாள்.
பாசி எடுக்கிறவள்.
விடியுமுன் இறங்கினால் மதியம் வரை
உப்புத்தண்ணியில் ஊறிய பாவாடை,
மேலே புருசனின் முழுக்கைச் சட்டை,
விரலெல்லாம் கிழிந்த துணிச் சுற்று.
ஐந்தாம் செவ்வாய்
பெஞ்சு காலியாக இருந்தும் நின்றாள்.

'உக்காரும்மா.'
'உக்கார முடியல டாக்டர்.'
'தலைவலிக்கா?'
'இல்ல. அங்கிட்டு.'
'எங்கிட்டு?'
கை தன்பாட்டுக்கு ஜன்னலைக் காட்டியது.
ஜன்னலுக்கு வெளியே கடல்,
கடலுக்கு நடுவில் ஒரு பச்சைக் கோடு.
'அது மனோலித் தீவாச்சே?'
'ஆமா டாக்டர், மனோலியிலதான்' என்றாள்,
சொல்லிவிட்டு முந்தானைக்குள் சிரித்தாள்.
சிரித்ததும் எரிந்திருக்க வேண்டும்,
சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

களிம்பு வாங்கும்போது என்னிடம் சொன்னாள்:
'கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, பக்கோடாப்பாசி,
கால்ல மிதிபடுறதுக்கெல்லாம் பேர் வச்சிருக்கோம்.
இதுக்கு ஒரு பேர் வைக்க
ஒருத்திக்கும் தோணல பாரேன்.'

அடுத்த வாரம் அவளுடைய படகிலிருந்தே ஒன்பது பேர்.
'மனோலியில எரிச்சல்.'
'மனோலியில தடிப்பு.'
'மனோலிக்குப் போற வழியில ஒரு கட்டி.'
தலைவலி மாத்திரை ஸ்டாக் குறையவே இல்லை.
ஜுலைகா பீவிதான் அதிகம் பேசினாள்:
'தீவுல யாரும் எறங்கக் கூடாதுன்னு
பாரஸ்ட்டுக்காரன் போர்டு வச்சிருக்கான்ல,
அதே மாதிரி ஒண்ணு
எங்க வீட்டுக்காரருக்கும் எழுதிக் குடுங்க டாக்டர்.'
டாக்டரம்மா முதலில் முழித்தார்.
அப்புறம் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.
சீட்டில் மூன்று வாரம் என்று எழுதி
சீல் குத்திக் கொடுத்தார்.

மாசக் கடைசியில் நான் அனுப்பிய கணக்கைப் பார்த்து
மேலிடத்திலிருந்து போன் வந்தது.
'என்னம்மா இது,
மனோலியில் நாற்பத்தேழு பேருக்குப் புண்ணா?
அது ஆளில்லாத தீவாச்சே?'

கவுண்டருக்கு முன்னால் வரிசை.
சவரிராயன், தமிழையா,
கூடையோடு நாலைந்து பெண்கள்.
மின்விசிறி வேறு அந்த நேரம் பார்த்து நின்றது.

'ஆளில்லாத தீவு இல்ல சார்' என்றேன்.
அப்புறம் அதன் பெயரைச் சொன்னேன்,
புத்தகத்தில் உள்ளபடி,
எழுத்துக் கூட்டி.
சவரிராயன் கூரையைப் பார்த்தான்.
ஒரு கூடை தரையில் இறங்கியது.

எதிர்முனையில் நெடுநேரம் இருமல்.
'சரிம்மா, சரிம்மா' என்றார்.
'தலைவலின்னு போட்டுக்கறேன்.'